பச்சைப் புள்ளி பொய் சொல்லும்!

"ஐயோ... அப்பா!"

மருந்துக் கடை வாசலில் கிளம்பிய அந்த அலறலில், கல்லாவில் இருந்தவர் கையிலிருந்த சில்லறையைக் கீழே சிதறவிட்டார்.

நடைபாதையில் ஒரு பெண் நின்றிருந்தாள். ஒரு கையில் மாத்திரைப் பை. இன்னொரு கையில் கார் சாவி.

சாவி இருந்தது. கார் இல்லை!

"என்னம்மா ஆச்சு?"

"கார்... இந்த மரத்தடியிலதான் நிறுத்திட்டு உள்ள வந்தேன்! காணோம்!"

"பதறாதம்மா. வண்டி போனா போகுது, இன்சூரன்ஸ்ல..."

"வண்டி யாருக்குய்யா வேணும்! பின் சீட்ல எங்கப்பா படுத்திருக்கார்!"

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள்.

அப்பாவுக்குப் பக்கவாதம். ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. தானாகக் கதவைத் திறக்க முடியாது. உதவிக்குக் கத்தவும் முடியாது. நாலு சுவருக்குள்ளேயே அடைந்து கிடக்கிறாரே, கொஞ்சம் வெளிக்காற்று படட்டும் என்று மகள் இன்றைக்குத்தான் முதல்முறையாக அவரைக் கூட அழைத்து வந்திருந்தாள். வழியிலேயே தூங்கிவிட்டார். எழுப்ப மனம் வரவில்லை. நிழல் பார்த்து நிறுத்தி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, போர்வையை இழுத்துவிட்டு மருந்து வாங்கப் போனாள்.

திரும்பி வந்தபோது நிழல் மட்டும்தான் மிச்சம்.

நிழலுக்கு வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த வெயிலில், மூடிய காருக்குள், தண்ணீர் கூடக் கேட்க முடியாத ஒரு மனிதர்!

சட்டென்று அவளுக்கு ஞாபகம் வந்தது. காரில் டிராக்கர் இருக்கிறதே! மாதாமாதம் சந்தா கட்டுகிறோமே!

உடனே எண்ணைத் தட்டினாள்.

"வணக்கம்! உங்கள் வாகனம், எங்கள் கண்மணி! சொல்லுங்க மேடம்..."

"என் காரைத் திருடிட்டாங்க! எங்க இருக்குன்னு உடனே பாருங்க!"

"நம்பர் சொல்லுங்க மேடம்... ஒரு நிமிஷம்... ஆங்! கவலையே படாதீங்க. உங்க கார் பத்திரமா இருக்கு."

"எங்க? எங்க இருக்கும்மா?"

"மருந்துக் கடை வாசல்ல, மரத்தடியில நிக்குது மேடம்."

"அடியே... அந்த மரத்தடியில நான் நிக்கிறேன்டி!"

"ஆனா ஸ்க்ரீன்ல பச்சைப் புள்ளி அங்கதானே காட்டுது மேடம்?"

"அந்தப் புள்ளியைக் கொண்டுபோய் உங்க மேனேஜர் நெத்தியில வை!"

*

டிராக்கர் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறை ஜில்லென்று இருந்தது. சுவர் அகலத்துக்கு ஒரு திரை. திரை முழுக்க ஊரின் வரைபடம். அதன்மேல் நூற்றுக்கணக்கான பச்சைப் புள்ளிகள். பார்ப்பதற்கு ஏதோ பெரிய காரியம் நடப்பதைப் போலத்தான் இருந்தது.

இன்ஸ்பெக்டர் இடுப்பில் கை வைத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டேஷனில் அவருக்கு வைத்திருந்த பெயர் 'வேப்பெண்ணெய்'. எதைப் பார்த்தாலும் அந்த எண்ணெயைக் குடித்தவரைப் போல முகத்தைச் சுளிப்பார். இன்று சுளிப்பதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன.

முதல் காரணம், மேனேஜர். கழுத்தை டை இறுக்கியதில் குரல் மெலிந்து வந்தது.

"சார், எங்க கருவியில எந்தக் கோளாறும் கிடையாது. நல்லா எழுதிக்குங்க. திருடன் ஜாமர் போட்டுட்டான். அவ்வளவுதான்."

"அது என்ன ஜாமர்?"

"கையடக்கமா ஒரு டப்பா சார். காருக்குள்ள சிகரெட் லைட்டர் துளை இருக்குல்ல, அதுல செருகிட்டா போதும். சாட்டிலைட் சிக்னல் வானத்துல இருந்து வர்றதுக்குள்ள முனகலா ஆயிடும் சார். இந்த டப்பா பக்கத்துலயே நின்னு காட்டுக் கத்தல் கத்தும். எங்க கருவி காதுல எது விழும், சொல்லுங்க? போன் டவருக்கும் அதே கதிதான். வண்டி எங்க இருக்குன்னு அதுக்கும் தெரியாது... தெரிஞ்சாலும் நமக்குச் சொல்ல முடியாது."

"அப்ப கார் திருடறவன் கையில அந்த டப்பா இருந்தா, உங்க கருவி வெறும் டப்பா!"

"அப்படிச் சொல்லக் கூடாது சார்..."

"விக்கும்போது இதை ஜனங்ககிட்ட சொன்னீங்களா?"

மேனேஜர் சிரித்தார். அது ஒரு வெட்கங்கெட்ட சிரிப்பு.

"சொன்னா யார் சார் வாங்குவாங்க?"

இன்ஸ்பெக்டர் முகத்தைச் சுளித்தார். திருடனாவது ஒளிந்து கொண்டு திருடுகிறான். இந்த ஆள் டை கட்டிக்கொண்டு ரசீது கொடுத்துத் திருடுகிறான். சீ!

மூலையில் நாற்காலி நுனியில் மகள் உட்கார்ந்திருந்தாள். மாத்திரைப் பையை இன்னும் விடவில்லை. பக்கத்தில் அவள் கணவன். தகவல் கேட்டு அலுவலகத்திலிருந்து ஓடி வந்தவன். மடிப்புக் கலையாத சட்டை. கமகமவென்று சென்ட்.

"அழாதம்மா. மாமாவுக்கு ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல?"

"உச்சி வெயில்ங்க... தண்ணி இல்லாம அவர் உடம்பு தாங்காதுன்னு டாக்டர் எத்தனை தடவை சொல்லியிருக்கார்..."

"எல்லாம் நல்லபடியா முடியும். இந்தா, ஒரு வாய் டீ குடி."

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். ஆறிவிடுமே என்று அவனே குடித்தான்.

இன்ஸ்பெக்டர் அவன் பக்கம் திரும்பினார்.

"எல்லா ஜங்ஷனுக்கும் வயர்லெஸ்ல சொல்லியாச்சு. ஆனா உங்களுது வெள்ளைக் கார். தெருவுல பாதி வெள்ளைக் கார்தான். ஒண்ணு கேக்கணும். சாவி உங்க மனைவி கையில இருக்கு. கடை வாசல்ல கண்ணாடித் தூள் ஒண்ணு கூட இல்ல. எப்படி ஸ்டார்ட் பண்ணியிருப்பான்?"

"இப்பல்லாம் சாவியே வேணாம் சார். லேப்டாப்பை வெச்சே ஸ்டார்ட் பண்ணிடறாங்க. வீடியோவே இருக்கு."

"ஓஹோ! நிறைய பாப்பீங்களோ?"

"சும்மா... பொழுது போகாம பாக்கறதுதான்." டம்ளரைக் கீழே வைத்தான். "சார், எஃப்.ஐ.ஆர். காப்பி எப்ப கைக்கு வரும்?"

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்ப எதுக்குங்க அது?"

"இல்லம்மா... மாமா விஷயமாத்தான். எல்லாம் முறைப்படி இருக்கட்டுமேன்னு..."

டிங்!

திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் பெட்டி முளைத்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் பெண் திரும்பிக் கூடப் பார்க்கவில்லை. விரல் தானாகப் போய் ஒரு பொத்தானைத் தட்டியது. பெட்டி மறைந்தது.

"என்னம்மா அது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒண்ணுமில்ல சார். ஏதோ வண்டிக்கு சிக்னல் போயிருக்கும். ஓகே அடிச்சேன்."

"அடிச்சா?"

"திரும்பப் பச்சை ஆயிடும் சார். கடைசியா எங்க இருந்துச்சோ, அங்கயே நிக்கும்."

"வண்டி அங்க இல்லாட்டியும்?"

ஆபரேட்டர் பெண் மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர் கூரையைப் பார்த்தார்.

"சொல்லுய்யா!"

"அது வந்து சார்... முன்னாடியெல்லாம் சிக்னல் போனா சிவப்பா சைரன் அடிக்கும். எவனாவது ஜாமர் போட்டா உடனே தெரிஞ்சிடும். ஆனா கீழ்த்தளத்துல வண்டியை நிறுத்தினாலும் அடிக்கும். சுரங்கப் பாதைக்குள்ள போனாலும் அடிக்கும். நாள் பூரா ஊளை! வாடிக்கையாளர்ங்க வந்து பாக்கும்போது நல்லாவா இருக்கும்? அதான் சைரனை எடுத்துட்டு, மஞ்சள் பெட்டி ஆக்கி, பக்கத்துல ஓகேன்னு ஒரு பட்டன் வெச்சுட்டோம். திரை எப்பவும் பச்சையா, குளுகுளுன்னு இருக்கும்..."

"குளுகுளு!" இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார். ஆபரேட்டர் பெண் பக்கம் குனிந்தார். "இவங்க காருக்கும் மஞ்சள் பெட்டி வந்துச்சா?"

"வந்திருக்கும் சார்."

"நீ என்ன பண்ணே?"

அவள் கண் கலங்கியது.

"ஓகே அடிச்சேன் சார். இங்க எல்லாரும் அதைத்தான் பண்ணுவோம்."

மகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். திருடன் வண்டியை நகர்த்திய நிமிடமே கருவி கூப்பாடு போட்டிருக்கிறது. இங்கே அதன் வாயில் துணியை அடைத்திருக்கிறார்கள்!

டிங்!

மறுபடி மஞ்சள். மறுபடி விரல் நீண்டது.

"கையை எடு!"

இன்ஸ்பெக்டரின் அதட்டலில் விரல் அந்தரத்தில் நின்றது.

"இது எந்த வண்டி?"

"ஒரு... ஒரு சிமென்ட் லாரி சார். ஊருக்கு வெளியில, பழைய கோடவுன் தெரு பக்கம்."

"இதுக்கு முன்னாடி வந்தது?"

"அது ஸ்கூல் வேன். அதே ரோடுதான்..." சொல்லும்போதே அவள் குரல் மாறியது. "சார்... அதே ரோடுதான் சார்!"

"அங்க சுரங்கப் பாதை இருக்கா?"

"இல்ல சார். வெட்ட வெளி."

"அப்ப ரெண்டு வண்டிக்கும் ஏன் சிக்னல் போச்சு?"

பதிலையும் இன்ஸ்பெக்டரே சொன்னார்.

"அந்த டப்பா காட்டுக் கத்தல் கத்துதுன்னாரே உங்க மேனேஜர். கத்தல் அந்தக் காரோட நின்னுடுமா? பக்கத்துல போறவன் காதும்தானே அடைக்கும்? திருடன் காரை மறைச்சுட்டான், சரி. ஆனா அவன் போற வழியெல்லாம் மத்த வண்டிங்க கண்ணைக் கட்டிக்கிட்டே போயிருக்கான்! எம்மா... இதுவரைக்கும் ஓகே அடிச்சதையெல்லாம் திரும்பக் கொண்டு வர முடியுமா?"

"முடியும் சார். யாரும் கேட்டதில்ல."

"நான் கேக்கறேன். கொண்டா!"

விசைகள் படபடத்தன.

திரையில் மஞ்சள் மலர்ந்தது. மருந்துக் கடை வாசலில் ஒன்று. அடுத்த சிக்னலில் இரண்டு. பாலத்தின் மேல் நாலைந்து. பிறகு சந்தை வழியாக, ரயில்வே கேட்டைத் தாண்டி, ஊருக்கு வெளியே ஒரே கோடாக நீண்டு போயின. பஸ், வேன், தண்ணீர் லாரி... ஒவ்வொன்றும் சற்று நேரம் குருடாகி, மறுபடி கண் திறந்திருந்தது.

"இது என்ன, சிலுவை போட்டிருக்கு?"

"ஆம்புலன்ஸ் சார்."

"ஆம்புலன்ஸுக்கும் ஓகேவா!"

அவள் தலை குனிந்தாள். இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். துப்பினால் தேவலாம் போலிருந்தது. அறை சுத்தமாக இருந்ததால் அடக்கிக்கொண்டார்.

"கோடு எங்க முடியுது?"

"கோடவுன் தெருவுல சார். அங்க நிக்கிற மூணு லாரியும் மஞ்சளாயி, இன்னும் சிக்னல் திரும்பல."

"அப்ப கார் அங்கதான் நிக்குது. ஏட்டய்யா, ஜீப்பை எடுங்க!"

கணவன் அவசரமாகக் குறுக்கே வந்தான்.

"சார், சார்... இது ஏதோ டவர் கோளாறா இருக்கும். இதை நம்பி நேரத்தை வீணாக்காதீங்க. இந்நேரம் அவன் ஹைவே ஏறியிருப்பான். நாம அந்தப் பக்கம் போயிடலாம்."

"ஹைவேல ஆள் இருக்காங்க. நீங்க எங்ககூட வாங்க."

"நான் எதுக்கு சார்? இங்கயே இருந்து திரையைப் பாத்துக்கறேன்..."

"என்னங்க!" மகள் அவன் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். "எனக்குக் கை காலெல்லாம் நடுங்குது. நீங்க கூட வாங்க."

வேறு வழியில்லாமல் எழுந்தான்.

*

ஜீப் பறந்தது.

முன்னால் ஏட்டும் இன்ஸ்பெக்டரும். பின்னால் கணவனும் மனைவியும். அவன் கையை அவள் விடவே இல்லை. அவள் உள்ளங்கை வியர்வை அவன் கையை ஈரமாக்கியிருந்தது.

"அப்பாவுக்கு நேத்துதான் இடது கை விரல் லேசா அசைஞ்சுதுங்க. உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன்..."

"ம்."

"இன்னைக்கு வெளியில போலாமான்னு கேட்டதும் முகத்துல ஒரு சந்தோஷம்... நான்தான் கூட்டிட்டு வந்தேன். நான்தான்..."

"விடு, விடு. உனக்கென்ன தெரியும்?"

கட்டடங்கள் குறைந்தன. தகரக் கொட்டகைகளும் லாரி பணிமனைகளும் வந்தன. கரி எண்ணெய் ஊறிப் போன மண். சாக்கடையில் பிளாஸ்டிக் குப்பை நுரையோடு மிதந்தது. நாற்றம் ஜீப்புக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

திடீரென்று வயர்லெஸ் 'கொர்ர்ர்' என்று இரைந்தது. பேசிக்கொண்டிருந்த குரல் செத்துப் போனது.

ஏட்டு தன் போனை எட்டிப் பார்த்தார்.

"சார்! என் டவர் சுத்தமா போச்சு!"

"என்னோடதும் போச்சு! சபாஷ்!" இன்ஸ்பெக்டர் தொடையில் தட்டினார். டவர் போனதற்காக ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷப்பட்டு யாரும் பார்த்திருக்க முடியாது. "வந்துட்டோம்யா! டப்பா இங்கதான் எங்கயோ கத்துது. மெதுவா விடுங்க."

ஜீப் நத்தையாக ஊர்ந்தது. இரண்டு பக்கமும் வரிசையாக ஷட்டர் போட்ட கொட்டகைகள். எல்லாம் ஒரே அச்சு. எல்லாம் மூடியிருந்தன. மேலே தகரம் வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது.

"இதுல எது சார்?" என்றார் ஏட்டு.

"தெரியல. ஒவ்வொண்ணா தட்ட வேண்டியதுதான்."

"அவ்வளவு நேரம் எங்கப்பா தாங்க மாட்டார் சார்!" மகள் குரல் உடைந்தது. "கொஞ்சம் சீக்கிரம்... தயவு பண்ணுங்க..."

அந்த நொடியில் வயர்லெஸ்ஸின் இரைச்சல் நின்றது. குரல்கள் தெள்ளத் தெளிவாகக் கேட்டன. போன்களில் டவர் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன.

இன்ஸ்பெக்டரின் முகம் விழுந்தது.

"போச்சு! டப்பாவை அணைச்சுட்டான்! நம்மளைப் பாத்துட்டானா?"



அப்போது ஒரு போன் ஒலித்தது.

கணவனின் சட்டைப் பையில்!

அவன் பாய்ந்து எடுத்தான். கட் செய்தான்.

"யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ராங்... ராங் நம்பர் சார்."

மறுபடி ஒலித்தது. மறுபடி கட். மூன்றாவது முறை அவன் விரல் போவதற்குள் இன்ஸ்பெக்டரின் கை வந்துவிட்டது. போன் கை மாறியது. திரையைப் பார்த்தார்.

"பிளம்பர்னு போட்டிருக்கு. ராங் நம்பருக்கெல்லாம் பேர் வெச்சு சேமிக்கிற வழக்கம் உண்டோ?"

"சார், அது... வீட்ல குழாய் ரிப்பேர்..."

மகள் புரியாமல் அவனைப் பார்த்தாள்.

"நம்ம வீட்ல எந்தக் குழாய்ங்க ரிப்பேர்?"

இன்ஸ்பெக்டர் ஸ்பீக்கரைத் தட்டினார். ஒரு விரலை உதட்டில் வைத்தார். அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு கணவனுக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது.

ஜீப் முழுக்க ஒரு கரகரத்த குரல் நிறைந்தது.

"அண்ணே! ஏன்ணே கட் பண்றே? உயிரு போற அவசரம்ணே! பின் சீட்ல ஒரு பெரியவர் படுத்திருக்காரு! அதை நீ சொல்லவே இல்லியேண்ணே!"

ஏட்டு பிரேக்கை மிதித்தார். ஜீப் குலுங்கி நின்றது.

"நீ சொன்ன மாதிரியே டிராக்கரைக் கழட்டலாம்னு பின் சீட்டைத் தூக்கப் போனேன். போர்வைக்குள்ள ரெண்டு காலு! எனக்கு ஈரக்குலையே நடுங்கிப் போச்சு. உனக்குப் போன் பண்ணா போக மாட்டேங்குது. தகரக் கூரை மேல ஏறி நின்னு டவர் தேடுறேன், அங்கயும் இல்ல. அப்புறம்தான் மண்டையில உறைச்சுது... நீ குடுத்த டப்பாதான்ணே டவரைத் தின்னுக்கிட்டிருக்கு! டிராக்கரைக் கழட்டற வரைக்கும் அணைக்காதன்னு சொன்னே. பெரியவரு மூச்சு வாங்குறாரு, அதான் அணைச்சுட்டேன். என்னண்ணே பண்றது? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகவா? சொல்லுண்ணே!"

இன்ஸ்பெக்டர் கணவனின் குரலைக் கூடுமானவரை இரவல் வாங்கிக்கொண்டார்.

"ஷட்டரைத் தூக்கு. வாசலுக்கு வந்துட்டேன்."

"வந்துட்டியா? நல்ல வேளைண்ணே!"

நாலாவது கொட்டகையின் ஷட்டர் கடகடவென்று மேலே ஏறியது.

*

மகள் குதித்து ஓடிய வேகத்தில் ஜீப் கதவு சுவரில் மோதித் திரும்பியது.

உள்ளே வெள்ளைக் கார். நாலு கதவும் விரியத் திறந்து கிடந்தன. பின் சீட்டில் பெரியவர். கண்கள் செருகியிருந்தன. நெற்றியில் ஈரத் துணி. மார்பு ஏறி ஏறி இறங்கியது.

உயிர் இருந்தது!

"அப்பா! அப்பா... நான் வந்துட்டேம்ப்பா!"

பெரியவரின் கண்கள் மெல்லத் திறந்தன. மகளைத் தேடின. கண்டுபிடித்தன.

காருக்குப் பக்கத்தில் ஓர் அட்டையால் பெரியவருக்கு விசிறிக்கொண்டு நின்றிருந்தவனுக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர் ஸ்பேனர். சீருடையைப் பார்த்ததும் அட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தூக்கினான்.

"விசிறு!" என்று இரைந்தார் இன்ஸ்பெக்டர். "நிறுத்தாம விசிறு! ஏட்டய்யா, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

ஸ்பேனர் அவசரமாக அட்டையை எடுத்தான்.

"சார்... நான் வண்டி திருடறவன் சார். ஆளைத் திருடறவன் இல்ல. தண்ணி குடுத்தேன், பாதி வெளியில வழிஞ்சுது. பாதி இறங்குச்சு. அதோ நிக்கிற அண்ணன்தான் சார் ஸ்பேர் சாவி குடுத்தாரு. டப்பாவும் அவரு வாங்கினதுதான். மருந்துக் கடை வாசல்ல வண்டி நிக்கும், எடுத்துட்டுப் போய் பிரிச்சு வித்துக்கோ, எனக்கு இன்சூரன்ஸ் வந்தா போதும்னாரு..."

இன்ஸ்பெக்டர் திரும்பினார். ஏட்டின் பிடியில் கணவன் நின்றிருந்தான். சட்டை மடிப்பு இப்போது கலைந்திருந்தது.

"சார், சத்தியமா மாமா வண்டியில இருக்கறது எனக்குத் தெரியாது! அவ மட்டும்தான் போவா... எப்பவும் அவ மட்டும்தான் போவா! வண்டி மட்டும் போகணும்னுதான் நினைச்சேன். கடன்... கழுத்தை நெரிக்குது சார்..."

"தெரியாது. சரி. நம்பறேன்." இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "உங்க மனைவி போன் பண்ணி, அப்பா உள்ள இருக்கார்னு அழுதாங்களே. அதுக்கப்புறம்?"

அவன் பின்னால் நகரப் பார்த்தான்; ஏட்டின் பிடி இறுகியது.

"அதுக்கப்புறமும் தெரியாதா?"

இன்ஸ்பெக்டர் ஓர் அடி நெருங்கி வந்தார்.

"கார் எங்க இருக்குன்னு இந்த ஊர்லயே தெரிஞ்ச ஒரே ஆள் நீ. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே பெரியவர் ஆஸ்பத்திரியில இருந்திருப்பார். ஏன் சொல்லல?"

"மாட்டிக்குவேன்னு... பயம் சார்..."

மகள் காருக்குள்ளிருந்து வெளியே வந்தாள். அழுகை நின்றிருந்தது. அவனுக்கு எதிரே வந்து நின்று அவனை மேலும் கீழும் பார்த்தாள். வழியெல்லாம் அவன் கையைப் பிடித்திருந்த தன் உள்ளங்கையை ஒரு தடவை பார்த்தாள். மாத்திரைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்து அந்தக் கையை அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.

"எங்கப்பா செத்துக்கிட்டிருந்தப்ப... நீங்க உக்காந்து என் டீயையும் சேர்த்துக் குடிச்சீங்க."

"நான் சொல்றதைக் கேளும்மா..."

"பேசாதீங்க. அருவருப்பா இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். காகிதத்தை அவன் காலடியில் போட்டுவிட்டு அப்பாவிடம் திரும்பிப் போனாள்.

ஏட்டு மெதுவாக இன்ஸ்பெக்டரின் காதருகே வந்தார்.

"விலங்கு ஒண்ணுதான் சார் இருக்கு. யாருக்குப் போட?"

"என்னய்யா கேள்வி? விசிறிக்கிட்டிருக்கறவனுக்கா போடுவாங்க? மாப்பிள்ளைக்குப் போடுங்க!"

விலங்கு 'கிளிக்' என்றது. தூரத்தில் ஆம்புலன்ஸ் சைரன் கேட்டது. நெருங்கி வந்தது. பெரியவரைத் தூக்கி ஏற்றினார்கள். முகமூடியில் ஆக்ஸிஜன் போனதும் மூச்சு சீரானது. கூட வந்த டாக்டர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டுக் கட்டை விரலை உயர்த்தினார்.

"பிழைச்சுக்குவார். இன்னும் கொஞ்சம் தாமதமாகி இருந்தா சொல்ல முடியாது."

மகள் ஆம்புலன்ஸில் ஏறும்போது அவளுடைய விரலைப் பெரியவரின் இடது கை பற்றிக்கொண்டது. பிடி தளர்வாகத்தான் இருந்தது. ஆனால் விடவில்லை.

இன்ஸ்பெக்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நாள் முழுக்க நாறிய ஊரில் முதல் தடவையாக நல்ல காற்று வந்ததைப் போல இருந்தது. அதை ஒரு நிமிடம் முழுசாக அனுபவிப்பதற்குள் அவருடைய போன் அலறியது.

மேனேஜர்!

"சார்! சார்! மகிழ்ச்சியான செய்தி! அந்தக் கார் எங்க திரையில வந்துடுச்சு! கோடவுன் தெருவுல நிக்குது! எங்க கருவி கண்டுபிடிச்சிடுச்சு சார்!"

இன்ஸ்பெக்டர் எதிரே நின்ற காரைப் பார்த்தார். அதன் பானெட் மீதுதான் சாய்ந்து நின்றிருந்தார்.

"அப்படியா?"

"ஆமா சார்! துல்லியமா காட்டுது! சார், ஒரு சின்ன வேண்டுகோள். ஒரு உயிரையே காப்பாத்தியிருக்கோம். இதை எங்க கம்பெனி விளம்பரத்துல போட்டுக்கலாமா? போலீஸ் தரப்புல நீங்க ஒரு வரி குடுத்தீங்கன்னா..."

"குடுத்துட்டா போச்சு. எழுதிக்கிறீங்களா?"

"பேனா கையிலதான் சார் இருக்கு! சொல்லுங்க சார்!"

இன்ஸ்பெக்டர் வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"திருடன் மனசு இரங்கி ஜாமரை அணைச்சதும்... உங்கள் வண்டியை உடனே கண்டுபிடித்துத் தருவோம்!"